செத்த பற்றரியில் படித்த ஹிந்திப் பாட்டு

சென்ற கிழமை முடி வெட்டக் களுவாஞ்சிகுடிக்குப் போனேன். வெட்ட என்ன இருக்கிறது என்று கேட்டு மானத்தை வாங்காதீர்கள். சலூன்காரத் தம்பியின் போனில் ஒரு பழைய ஹிந்திப் பாட்டு குதியாட்டம் போட்டுக்கொண்டிருந்தது. பம்பாயின் பெரிய பின்னணிப் பாடகி பாடியது. எனக்குச் சிரிப்பு வந்து தலை ஆட, "அசையாதீங்க ஐயா, காது போயிரும்" என்றான்.

இதே பாட்டை அந்தக் காலத்தில் எங்கள் ரஞ்சினி பாடினால் ஊரே அழும். மண்டூர்ப் பக்கத்து இசைக்குழு ஒன்றில் ஹிந்திப் பாட்டு அவள் பொறுப்பு, அறிவிப்பு என் பொறுப்பு. எனக்கு ஹிந்தியில் ஒரு சொல் தெரியாது. அதற்காக வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆளா நான்? ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் மைக்கைப் பிடித்துப் பொருள் சொல்வேன். இந்தப் பாட்டுக்கு, "கடலுக்குப் போன கணவன் திரும்பவில்லை, மனைவி கரையில் நின்று கேட்கிறாள்" என்று அளந்து வைத்திருந்தேன்.

குற்றம் முழுக்க என்னுடையதல்ல, பற்றரிக்கும் பங்குண்டு. வாவிக்கு மேற்கே எங்கள் படுவான்கரைக்கு அப்போது மின்சாரம் இல்லை. சண்டைக் காலமென்று ஆமிக்காரர் பற்றரி கொண்டுவரவும் விடமாட்டார்கள். செத்த பற்றரிகளை வெயிலில் காயப்போட்டுக் கசெற் பெட்டிக்குள் திணிப்போம். அது இழுத்து இழுத்து முனகும். அந்த முனகலைத்தான் ரஞ்சினி பாடமாக்கினாள். தபேலாக்காரரும் அதற்கே தாளம் பழகினார்.

பழுகாமத்தில் ஒரு கல்யாண வீடு. சவூதியில் பல வருடம் ஹிந்திக்காரரோடு இருந்துவிட்டு வந்த காத்தான்குடிப் புடவை வியாபாரி ஒருவரும் வந்திருந்தார். பாட்டு முடிய நேரே மேடைக்கே ஏறிவிட்டார்.

"தங்கச்சி, இது கலியாணத்தில ஆடுற பாட்டு கா! மையத்து வீட்டில அழுற பாட்டாக்கி வெச்சிருக்கீங்களே!"

ரஞ்சினியின் முகம் கறுத்துப்போனது. எனக்கோ, கடலுக்கு அனுப்பிய கணவனை எங்கே ஒளிப்பதென்று தெரியவில்லை.

நல்ல மனிதர். அடுத்த கிழமையே புதுப் பற்றரி நாலைச் சாரன் மடிக்குள் ஒளித்து, வாவியைக் கடந்து கொண்டுவந்து தந்தார். ரஞ்சினி பாட்டைத் துள்ளத் துள்ளப் பழகினாள். ஊர்த் திருவிழா மேடையில் அவள் பாடுவதைக் கேட்க, மட்டக்களப்பு டவுனிலிருந்து பெரிய இசைக்குழு மாஸ்டர் வருவதாக இருந்தது. அவருக்குப் பிடித்தால் டவுன் மேடை, பிறகு கொழும்பு ரேடியோ. பாடகியாகும் அவளுடைய கனவுக்கு வேறு வழியே இல்லை.

அன்று இரண்டு வரி துள்ளிப் பாடியதும் பெண்கள் பக்கம் சலசலப்பு.

"என்ன கா புள்ள இது? முந்திப் படிச்ச மாதிரிப் படி!"

கேட்டது தங்கம்மாக்கா. அவருடைய மகனைப் பிடித்துக்கொண்டு போய் இரண்டு வருடம். செத்தான் என்று யாரும் சொல்லவில்லை, ஆகவே ஒப்பாரி வைக்கவும் முடியாது. இந்தப் பாட்டுக்கு மட்டும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுவார். பாட்டுக்கு அழுகிறவளை ஏனென்று யார் கேட்கப்போகிறார்கள்?

ரஞ்சினி முன்வரிசையில் இருந்த மாஸ்டரைப் பார்த்தாள். பிறகு தபேலாக்காரருக்குக் கைகாட்டி, பழைய இழுவையில் முதலிலிருந்து தொடங்கினாள். மாஸ்டர் பாதிப் பாட்டில் எழும்பிப் போனார். நான் அவரை ஏசிய ஏச்சை அச்சில் போட முடியாது. அதற்குப் பிறகு அவளை எந்த டவுன்காரனும் கூப்பிடவில்லை.

சலூனிலிருந்து நேரே ரஞ்சினி வீட்டுக்குத்தான் போனேன். தங்கம்மாக்கா போய்ச் சேர்ந்துவிட்டார், மகன் வரவேயில்லை. அந்தப் பாட்டைப் பதிந்து வைக்க வேண்டுமென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை, மடையர்கள்.

"ஒருக்கா அந்த மாதிரிப் படி புள்ள" என்றேன்.

கண்ணை மூடி இரண்டு வரி பாடினாள். நிறுத்தினாள். மறுபடி தொடங்கினாள்.

"ஏலாது அண்ணன்" என்றாள். "வேகமாத்தான் வருது."