லோங்காங்கில் மிதந்த சிலிப்பர்கள்

இன்று காலை புஞ்சாக் ஆலாமில் ஒரு பாலர் பள்ளிக்குப் போயிருந்தேன். வாசலில் சப்பாத்து அலமாரி. அதன் ஒவ்வொரு அறையிலும் ஒரு பிள்ளையின் பெயர் ஒட்டியிருந்தது. உதவியாளர் ஒருவர் நகத்தால் ஒரு பெயரை உரித்துக்கொண்டிருந்தார். "இந்தப் பிள்ள பள்ளிய விட்டு நின்னுருச்சு மிஸ்," என்றார். வெளியே மழை பிடித்திருந்ததால் ஈர ரப்பர் வாசம். அது போதும், என் முதல் வேலை நாட்களில் பார்த்த கோலசிலாங்கூர் பக்கச் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்கு என்னை இழுத்துப்போக.

படிப்பு முடித்த கையோடு எனக்குக் கிடைத்த வேலை, பாலர் பள்ளி ஆசிரியர்களுக்குத் துணையாக இருப்பது. அடங்காத பிள்ளை என்று ஓர் ஆசிரியர் கைவிரித்தால் என்னை அனுப்புவார்கள். நானும் மூன்று கட்டம் போட்ட தாளோடு போவேன்: முன்னால் நடந்தது, பிள்ளை செய்தது, பின்னால் நடந்தது. கட்டத்துக்கு ஒரு நிறப் பேனா. இதைச் சொல்ல இப்போதும் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

தோட்டத்துப் பாலர் பள்ளி ஸ்டெல்லா டீச்சர் என் பேனாக்களைப் பார்த்தார். "மிஸ், இதெல்லாம் அப்புறம். கொஞ்ச நேரம் பிள்ளைங்கள பாத்துக்கிறீங்களா? காலையிலேர்ந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிக்கல," என்றார். ஒரே அறை, ஒரே ஆசிரியர். அந்த வேலையில் என் முதல் உருப்படியான உதவி, அவரைத் தேத்தண்ணி குடிக்க விட்டதுதான்.

அவரை அலைக்கழித்துக்கொண்டிருந்த பிள்ளை தர்ஷினி. ஐந்து வயது, இரட்டைச் சடை, பாட்டெல்லாம் ஒழுங்காகப் பாடும். ஆனால் வெளியே லோரிச் சத்தம் கேட்டால் எழுந்து ஓடும். வாசலில் கிடக்கும் சிலிப்பர்களை வாரிச் சாலையோர லோங்காங்கில் வீசும். செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் போய்க்கொண்டே இருக்கும் சாலை அது. நீலமும் சிவப்புமாகச் சிலிப்பர்கள் சாக்கடைத் தண்ணீரில் மிதந்து போகும். பிள்ளைகள் கூட்டமாக அழும். டீச்சர் அவற்றை இழுத்தெடுக்க விளக்குமாற்றுக் கட்டையோடு பின்னால் ஓடுவார்.

"இன்னொரு ஜோடி போச்சுலா டீச்சர்! அந்தப் பிள்ளைய நிறுத்துங்க. இல்ல, என் பிள்ளைய நான் நிறுத்துறேன்," என்று ஒரு தாய் வாசலில் நின்று கத்தினார்.

"நிறுத்திட்டா அது எங்க போவும்? அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க," என்றார் டீச்சர். அந்தத் தாய் போனதும் என் பக்கம் திரும்பினார். "ஏதாச்சும் செய்ங்க மிஸ். எல்லாரும் நிறுத்தச் சொல்றாங்க. எவ்வளவு நாள்தான் நான் பிடிச்சு வைக்கிறது?"

என் தாளின் முதல் கட்டத்தில் மழை, பசி, தூக்கம், சத்தம் என்று வரிசையாக எழுதிவைத்தேன். ஒன்றும் பொருந்தவில்லை.

தோட்டம் வீடமைப்புக்கு விற்றுப்போயிருந்தது. லயத்து வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர் குடும்பங்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பிக்கொண்டிருந்தன. மெத்தை, மேசை, சாமிப் படம் எல்லாம் ஏற்றிய லோரி கடைசியாகப் பள்ளி வாசலில் நிற்கும். பிள்ளை சிலிப்பரை மாட்டிக்கொண்டு ஏறிவிடும். மறுநாள் அந்த இடம் காலி. பிள்ளைகளிடம் யாரும் எதுவும் சொல்வதில்லை.

கவின் என்ற பையன் கிளம்பிய அன்றும் சிலிப்பர்கள் லோங்காங்கில்தான் கிடந்தன. அழுதுகொண்டிருந்தவனின் கையைத் தர்ஷினி பிடித்து இழுத்தாள். "சிலிப்பர்தான் இல்லல்ல? இனி நீ போவ முடியாது. வா, விளையாடலாம்."

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

அதன் பிறகு, யார் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே வகுப்பில் சொல்லலாம் என்றேன். போகும் பிள்ளை எல்லோர் கையையும் தொட்டு "போய்ட்டு வரேன்" சொல்லட்டும் என்றார் டீச்சர். போகிற பிள்ளையின் சிலிப்பரைத் தேடி எடுத்து வாசலில் வைக்கும் பொறுப்பைத் தர்ஷினிக்கே கொடுத்தார். முதல் தடவை அவள் சிலிப்பரை நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகக் கீழே வைத்தாள். "எப்ப வருவ?" என்று கேட்டாள்.

லோரிச் சத்தத்துக்கு அவள் ஓடுவது குறைந்து நின்றுபோனது. அவளை நிறுத்தச் சொன்ன தாய்மார்களும் பேச்சை விட்டார்கள். அதற்குள் அவர்களே பாதிப் பேர் போய்விட்டிருந்தார்கள்.

தர்ஷினியின் முறை வந்தபோது வகுப்பில் ஒரு கை விரல் எண்ணிக்கைக்கு மேல் பிள்ளைகள் இல்லை. எல்லோர் கையையும் தொட்டுவிட்டு வாசலுக்கு வந்தாள். ஒரு சிலிப்பர்தான் இருந்தது.

"இன்னொன்ன காணோமே. எங்க போச்சு?" என்று டீச்சர் குனிந்து தேடினார். ஒரு கையால்தான் தேடினார். மறு கை முதுகுக்குப் பின்னால் இருந்தது. நான் லோங்காங்கைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டேன்.

லோரி ஹார்ன் அடித்தது. தர்ஷினி டீச்சரைச் சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

"டீச்சர், குடுங்க. அப்பா கூப்புடுறாரு."

டீச்சர் மண்டியிட்டு அவள் காலில் மாட்டிவிட்டார். எழுந்திருக்க நேரமானது.

இப்போது அங்கே வரிசை வீடுகள். லோங்காங்கின் மேல் சிமெண்டு மூடி. டீச்சர் சுங்கை ஆயர் தாவாரில் தங்கை வீட்டோடு இருக்கிறார். பிள்ளைகளோடு வேலை வேண்டாம் என்றுவிட்டாராம். தர்ஷினி எங்கே என்று தெரியாது. உரிக்கப்படும் பெயர்களை ஒருமுறை படித்துவிடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

இன்று உரிந்தது வேறு ஏதோ பிள்ளையின் பெயர். உள்ளே பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். யாரும் எழுந்து ஓடிவரவில்லை.