இத்தனை தடவை வேலையை விட்டீர்களா?

மழைக்காலத்தில் நமுத்துப்போன பேப்பர் லேசர் பிரிண்டருக்குள் போய்ச் சூடாகும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள்... ஈரத்துணியை அயர்ன் பண்ணுகிற மாதிரி. எங்கள் தீவில், டெலானிபூர் இறக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கடையில்தான் நானும் மெர்சியும் எங்கள் சிவியை, அதாவது பயோடேட்டாவை, டைப் அடிக்கக் கொடுத்தோம்.

மெர்சி என்கூடப் படித்தவள். அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து ஜங்கிளிகாட் துறையில் படகு வைத்திருந்தார். என் அப்பா அரசாங்க உத்தியோகம், மேட்டில் குவார்ட்டர்ஸ். நாங்கள் இரண்டு பேரும் ஊரில் ஒரு காலேஜில் கெஸ்ட் லெக்சரர். அதே காலேஜில் எங்கள் பாடத்துக்கு பர்மனென்ட் போஸ்ட் வந்திருந்தது. அது கிடைத்துவிட்டால் வருஷா வருஷம் வேலை இருக்குமா போகுமா என்று சாக வேண்டாம்.

கெஸ்ட் என்றதும் ஏதோ உபசாரம் நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். விருந்தாளிக்கு உட்கார நாற்காலியாவது போடுவார்கள்.

ஏப்ரல் கடைசியில் சர்வீஸ் முடிந்தது என்று ஒரு ஆர்டர் வரும். காலேஜ் திறந்து சில வாரம் கழித்து, புதிதாகச் சேர்க்கப்படுகிறார் என்று இன்னொரு ஆர்டர். டிசம்பர் லீவுக்கும் இதே கூத்து. தொடர்ந்து வேலை பார்த்தேன் என்று நாளைக்கு நாங்கள் உரிமை கேட்டுவிடக் கூடாதாம். அதற்காகத்தான் இந்த பிரேக்.

அந்த பிரேக்கில் வீட்டில் இருந்தோமா... எங்கே இருக்க விட்டார்கள். எங்கள் துறைத் தலைவர் போன் பண்ணித் தேனாகப் பேசுவார். "மேடம், பேப்பர் பஹுத் ஹை, தோடா ஆ ஜாயியே." பேப்பர் நிறைய இருக்கிறதாம், கொஞ்சம் வந்துவிட்டுப் போக வேண்டுமாம். போவோம். அவர் மேஜைக்கு எதிரிலேயே உட்கார்ந்து விடைத்தாள் திருத்துவோம். ஒரு வருஷம் டிரங்க் ரோட்டில், காட்டு வழியே வண்டிகளைக் கூட்டமாகச் சேர்த்து அனுப்பும் கான்வாய்க்குக் காத்துக் கிடந்து பாராடாங் தீவு வரைக்கும் போனோம். அங்கே ஸ்கூல் பிள்ளைகளிடம், எங்கள் காலேஜில் வந்து சேருங்கள் என்று தொண்டை வற்றப் பேசினோம். கணக்குப்படி அன்றைக்கு நாங்களே அந்தக் காலேஜில் இல்லை.

சரி, சிவிக்கு வருகிறேன். ஒவ்வொரு ஆர்டரையும் தேதியோடு தனித்தனி வரியாகப் போட வேண்டும் என்பது விதி. போட்டோம். சேர்ந்த தேதி, விலகிய தேதி. மறுபடி சேர்ந்தது, மறுபடி விலகியது... பக்கம் பக்கமாகப் போயிற்று. டைப் அடித்துக்கொண்டிருந்த பெங்காலி அண்ணன் பாதியில் கையை எடுத்துவிட்டு எங்களைப் பார்த்தார்.

"மேடம், இத்னி பார் நௌக்ரி சோட் தியா?"

இத்தனை தடவை வேலையை விட்டுவிட்டீர்களா என்று கேட்கிறார். மெர்சி என் காதோரம் முணுமுணுத்தாள். "பாருட்டி, நாம என்னமோ ஒரு இடத்துல நிக்காதவளுவ மாதிரி தெரியுது இவருக்கு."

"பேசாம சேர்ந்த நாள்ல இருந்து இன்னைக்கு வரைக்கும்னு ஒரே வரியா போட்டுருவோமா?" என்றேன்.

"பொய் சொல்லுதாளுவன்னு தூக்கிப் போட்டுருவாங்கட்டி. ஆர்டர்ல இருக்க மாதிரியே போடு."

விண்ணப்பத்தில் இடம் பற்றவில்லை. தனித்தாள்கள் சேர்த்துப் பின் அடித்துக் கொடுத்தோம்.

இன்டர்வியூவுக்கு மெயின்லேண்டிலிருந்து ஒரு நிபுணர் வந்திருந்தார். என் தாள்களைப் புரட்டினார். ஒரு வருஷம்கூட முழுசாக நிலைத்து வேலை பார்க்கவில்லையே, ஏன் இப்படி அடிக்கடி விலகுகிறீர்கள், இந்த இடைவெளிகளில் என்னதான் செய்துகொண்டிருந்தீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டார். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்களே, அன்றைக்குத்தான் அதற்கு எனக்கு அர்த்தம் புரிந்தது.

அவருக்குப் பக்கத்து நாற்காலியிலேயே எங்கள் துறைத் தலைவர் இருந்தார். நான் அவரைக் காட்டி, இந்த சாரின் மேஜையில் உட்கார்ந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தேன் என்றேன். நிபுணர் அவர் பக்கம் திரும்பினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனிதர் சமோசாவைப் பிட்டுக்கொண்டே, ரெக்கார்டில் அப்படி எதுவும் இல்லையே என்றார்.

வேலை வாங்கும்போது வாயெல்லாம் பல், சாட்சி சொல்லச் சொன்னால் ரெக்கார்ட். மெர்சியிடமும் அதே கேள்வி, அதே பதில். இரண்டு பேருக்கும் கிடைக்கவில்லை.

நான் வெறுத்துப்போய் ஸ்கூல் டீச்சர் வேலைக்கு எழுதிப் போட்டேன், கிடைத்துவிட்டது. மெர்சி நகரவில்லை. காலேஜில் பாடம் நடத்துவதுதான் அவளுக்கு உயிர். இன்றைக்கும் அவள் கெஸ்ட்தான். தலை நரைத்துவிட்டது, இன்னமும் புதிதாகச் சேர்க்கப்படுகிறார்.

இப்போது மறுபடி போஸ்ட் வந்திருக்கிறது. வயது வரம்பைப் பார்த்தால் அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. எல்லாம் ஆன்லைன். போன ஞாயிறு சர்ச் முடிந்து நேரே புரோத்ராபூரில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பை வைத்து நான் டைப் அடிக்க, அவள் ஒவ்வொரு ஆர்டராக எடுத்துத் தேதி சொன்னாள்.

அனுபவம் என்கிற பகுதியில் பத்து வரிசைதான் இருக்கிறது. அதற்கு மேல் போட்டால் சிவப்பு எழுத்தில் திட்டுகிறது. இரண்டு ஆர்டரைச் சேர்த்து ஒரே வரிசையாகப் போட்டால், சான்றிதழோடு தேதி பொருந்தவில்லை என்கிறது. ஹெல்ப்லைனில் ஒரு பெண், முக்கியமானதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எடுத்துவிடுங்கள் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

அந்தக் காலம் ஒன்றும் பொற்காலம் இல்லை. ஆனாலும் அன்றைக்கு எங்களை அவமானப்படுத்த ஒரு மனிதராவது எதிரில் உட்கார்ந்திருந்தார், அவரிடம் நான் பதிலுக்கு ஒரு வார்த்தை பேசினேன். இந்தத் திரையிடம் என்னத்தைப் பேசுவது?

மெர்சி கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"எந்த வருசத்தட்டி அழிக்கட்டும், நீயே சொல்லு. எல்லா வருசமும் நான் அங்கதான இருந்தேன்."