பொத்தான் இல்லாத கேபிள்

ஸூரா எஜே வீட்டுக்குள் கால் வைத்தால் முதலில் மூக்கில் ஏறுவது கருகிய ஆஸ்பிரின் நெடி. அவளுக்குத் தலைவலி கிடையாது, வருகிறவர்களுக்குத்தான் வரும். சந்தையில் செத்துப்போன இயர்போன்களைப் பை பையாகப் பொறுக்கி வருவாள். அந்த ஒயருக்குள் இருக்கும் மயிரிழைக் கம்பிக்கு மேலே ஒரு பூச்சு உண்டு. கத்தியால் சுரண்டினால் கம்பியே அறுந்துவிடும். அதனால் ஆஸ்பிரின் மாத்திரை மேல் கம்பியை வைத்து, சூடான சால்டரிங் அயர்னால் ஓர் அழுத்து அழுத்துவாள். புஸ்ஸென்று புகை கிளம்பும், பூச்சு போய்விடும், ஈயம் பிடித்துக்கொள்ளும். கண் எரிந்து நான் இருமினால், "வண்டிப் புகையில பொறந்தவனுக்கு இது ஒரு புகையாடா?" என்பாள்.

மூத்தவள் என்பதால் ஏரிக்கரைப் பாலிக்சி ஊருக்கே அவள் எஜே, அதாவது அக்கா. ஏரியில் கப்பல் ஓடிய காலத்தில் துறைமுகத்து வானொலி அறையில் வேலை பார்த்தாள். கப்பல்கள் துருப்பிடித்து நின்ற பிறகும் வானொலி மோகம் மட்டும் விடவில்லை. பொழுதுபோக்கு வானொலிக்காரர்களுக்குக் கேபிள் செய்து விற்க ஆரம்பித்தாள். போனில் எழுத்தை அடித்தால் அது விசில் சத்தமாக மாறும். எஜேயின் கேபிள் அந்தச் சத்தத்தை வானொலிக்குள் கொண்டுபோகும். மலைக்கு அந்தப்பக்கம் இன்னொரு வானொலி, இன்னொரு கேபிள், மறுபடி எழுத்து. கடையில் வாங்கினால் ஒரு ஆட்டின் விலை. எஜேயிடம் ஒரு வேளைச் சாப்பாட்டின் விலை.

எப்படிக் கட்டுப்படியாகிறது என்று கேட்காதீர்கள். எச்சில் கையால் காக்கா ஓட்டாதவள் அவள். கேபிளுக்குள் இரைச்சலைத் தடுக்க வைக்கும் குட்டி டிரான்ஸ்ஃபார்மர், குப்பையில் போன பழைய இன்டர்நெட் மோடத்திலிருந்து வரும். அதை அடைத்து வைக்கிற கூடு, பெண்கள் தீர்த்துத் தூக்கிப்போட்ட லிப்ஸ்டிக் குழாய். தோக்மோக்கில் இருக்கிற லியோனித் என்ற தாத்தா, ஆறடி உயரம், முன்னாள் ராணுவக்காரர், ரோஸ் கலர் லிப்ஸ்டிக் கேபிளோடுதான் உலகத்தோடு பேசிக்கொண்டிருக்கிறார்.

நான் சமாத், பாலிக்சிக்கும் பிஷ்கேக்குக்கும் வேன் ஓட்டுகிறவன். பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று ஒருநாள் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். கடைசியில் வானொலி லைசென்ஸ் பரீட்சையையும் எழுத வைத்துவிட்டாள்.

வந்த வினை எல்லாம் ஒரு பொத்தானால். நல்ல கேபிளில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அமுக்கினால்தான் வானொலி ஒலிபரப்பும். எஜே அதை வைக்கமாட்டாள். "சத்தம் உள்ள வந்தா வானொலி தானா திறந்துக்கும். அப்புறம் எதுக்குடா பொத்தான், சட்டைக்கா?" என்பாள். வேண்டாத சத்தமும் போய்விடுமே என்று லியோனித் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தார். எஜே மசியவில்லை. பொத்தானுக்குப் பதிலாக ஒரு கொசுறு கொடுத்தாள்: இயர்போன் மாட்ட இன்னொரு துளை. அந்தக் கொசுறைப் பற்றி அவளுக்கு ஏகப்பட்ட பெருமை.

எஜேக்கு முகாஷ் என்று ஒரு தம்பி. அம்மா போன பிறகு இவள்தான் வளர்த்தாள். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை. குணத்தில் தங்கம், ஆனால் வாயைத் திறந்து பேச ஒரு வருஷம் ஆகும். அம்மாவின் வெள்ளிக் கம்மலை எஜே சர்க்கரை டப்பாவில் போட்டு வைத்திருந்தாள். முகாஷுக்கு ஒருத்தி கிடைத்தால் அவள் காதில் மாட்டி நிச்சயம் செய்ய வேண்டும். டப்பாவில் சர்க்கரை தீர்ந்து தீர்ந்து நிறைந்தது, கம்மல் மட்டும் அங்கேயே கிடந்தது.

கோடையில் முகாஷ் குதிரைகளை ஓட்டிக்கொண்டு மேய்ச்சல் மலைக்குப் போய்விடுவான். அங்கே போனுக்கு சிக்னல் கிடையாது. அதனால் எஜே அவனுக்கு ஒரு குட்டி வானொலி கட்டிக் கொடுத்திருந்தாள். மைக் இல்லை, ஒலிபரப்பும்போது எரிய வேண்டிய சிவப்பு விளக்கு இல்லை, எல்லாம் சிக்கனம். தினம் சாயங்காலம் டீ நேரத்தில் எஜேயின் கம்ப்யூட்டர் திரையில் எழுத்து எழுத்தாக வரும்: "எல்லாரும் சுகம். மாவு வேணும்." நாடு முழுக்க இருந்த நம் வானொலி ஆட்களும் அதைப் படிப்பார்கள். முகாஷின் மாவு தீர்ந்தால் எல்லை தாண்டி ஆல்மாட்டி வரை தெரியும்.

அன்று நான் எஜே வீட்டில் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டியை டீயில் முக்கித் தின்றுகொண்டிருந்தேன். "எல்லாரும் சுகம்" வந்து முடிந்தது. கொஞ்ச நேரம் கழித்துத் திரையில் கோடு கோடாக ஏதோ இழுத்தது. விசில் இல்லை. எஜே ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினாள். ஒரு பெண் குரல்!

"முகாஷ், நான் பாத்மா. மூணு வருஷமா என் கடைக்கு வந்து மீனையே பாத்துட்டு நிக்கிற. மீனாவது வாயத் திறந்து வெச்சிருக்கு, நீ அதுகூட இல்ல. சரி, நானே கேக்கறேன். என்னைக் கட்டிக்கிறியா, இல்லியா? மந்தை கீழ இறங்கறப்போ வந்து சொல்லு. வரலேன்னா என் கடைப் பக்கம் உன் குதிரைகூட வரக் கூடாது, ஆமா."

கடைசியில் கூச்சத்தை மறைக்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அவ்வளவுதான். பிறகு மறுபடி முதலிலிருந்து.

எனக்குப் போர்சோக் தொண்டையில் நின்றுவிட்டது. அந்தக் குரலை எனக்குத் தெரியாதா? நெடுஞ்சாலை ஓரத்தில் புகைபோட்ட மீனைத் தொங்கவிட்டுக்கொண்டு, "ஏய் வேன்காரா, நின்னு வாங்கிட்டுப் போ, உன் பொண்டாட்டி என்னை வாழ்த்துவா!" என்று தினமும் கத்துகிற பாத்மா. ஏரிக்கு வந்துபோன எவனும் அந்தக் குரலை மறக்க மாட்டான்.

நடந்தது இதுதான். மாவு வாங்கக் கீழே வந்தபோது பாத்மா அனுப்பிய குரல் செய்தி முகாஷின் போனில் விழுந்திருக்கிறது. கூடாரத்தில் கூட இருக்கிறவர்கள் காதில் விழக் கூடாது என்று, எஜேயின் கொசுறுத் துளையில் இயர்போனை மாட்டி, போர்வைக்குள் படுத்துக் கேட்டிருக்கிறான். கேபிளின் மறுமுனை வானொலியில் இருந்தது. பக்கத்தில் படுத்தவனுக்குக் கேட்கவில்லை, ஆல்மாட்டிக்குக் கேட்டது.

"ஐயோ, நிறுத்துடா!" என்று எஜே திரையைப் பார்த்துக் கத்தினாள். வேகவேகமாகத் தட்டினாள்: "முகாஷ், கேபிளைக் கழட்டு." அவன் போனில்தான் அவள் குரல் ஓடுகிறதே, எங்கே படிப்பான்? மூன்றோ நாலோ முறை ஓடி முடிந்த பிறகுதான் தூங்கிப்போனான் போலிருக்கிறது.

லியோனித் தாத்தா தன் மனைவியிடம் மட்டும் சொன்னார். அது போதாதா? அந்த வாரமே லாரிக்காரர்கள் மீன் கடை முன்னால் வண்டியை மெதுவாக்கி, "என்ன பாத்மா, என் லாரி வரலாமா, இல்ல தடை குதிரைக்கு மட்டுந்தானா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாத்மா குனிந்து மீனை அடுக்கிக்கொண்டே இருந்தாள். அவள் கத்தாமல் நின்றதை அன்றுதான் நான் முதல்முதலாகப் பார்த்தேன்.

எஜே அழுதாள். சர்க்கரை டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, "அவனுக்குன்னு ஒருத்தி வாயத் திறந்து கேட்டாளேடா. அதையும் நானே கெடுத்துட்டேனே. ஒரு பொத்தானுக்குப் பிசினாறித்தனம் பண்ணி..." என்று மூக்கைச் சிந்தினாள். மறுநாளே, இதுவரை விற்ற எல்லாக் கேபிளையும் திரும்ப வரவழைத்து, காசு வாங்காமல் பொத்தான் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தாள். பார்சல் சுமந்தது யார்? நான்தான். முகாஷுக்கும் பால் லாரிக்காரர் கையில் பொத்தான் வைத்த கேபிள் போயிற்று, பழையது திரும்பி வந்தது. நாடே கேட்டுவிட்டது என்று அவர் சொன்னதும் அவன் முகம் செக்கச் செவேலென்று ஆகி, வெளியே போய்க் குதிரைகளுக்கு நடுவில் நின்றுவிட்டானாம். அதற்கப்புறம் சாயங்காலச் செய்தியில் "மாவு வேணும்" கூட வருவது நின்றுபோனது. வெறும் "எல்லாரும் சுகம்".

கடைசியில் எஜே என் வேனில் ஏறி மீன் கடைக்கு வந்தாள்.

"வாங்க எஜே," என்றாள் பாத்மா, மீனை அடுக்குவதை நிறுத்தாமல். "இன்னிக்கு நான் பேசறது எங்கெல்லாம் கேக்கும்?"

"தப்பு என்னோடதும்மா. செருப்பால அடி, வாங்கிக்கறேன். அவன்மேல கோவப்படாத."

"அவரு வேணும்னே செய்யலன்னு என்ன நிச்சயம்? சிநேகிதங்களோட சிரிக்கலாம்னு..."

"யாரு, முகாஷா? நாலு பேர் முன்னாடி தும்மவே கூச்சப்படறவன்மா அவன். இயர்போன் மாட்டி, போர்வைக்குள்ள படுத்துட்டுக் கேட்டிருக்கான். திரும்பத் திரும்ப."

பாத்மாவின் கை நின்றது. "திரும்பத் திரும்பவா?"

"பின்ன? நாங்கதான் கேட்டமே!" என்றேன் நான். எஜே என் விலாவில் ஓர் இடி இடித்தாள்.

பாத்மா கையைத் துணியில் துடைத்தாள். "இப்ப பொத்தான் வெச்சுட்டீங்களாமே, எல்லாத்துக்கும்?"

"வெச்சுட்டேன்மா! இனிமே அப்படி ஆகவே ஆகாது."

"அவரோடதுல எடுத்துருங்க."

எஜே என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"என் மனசுல இருக்கறது நாட்டுக்கே தெரிஞ்சு போச்சு. அவரு மனசுல இருக்கறது எனக்கே தெரியல. நியாயமா இது? அவரும் பேசட்டும், அதே மாதிரி, எல்லார் காதுலயும் விழற மாதிரி. பொத்தான் இருந்தா பாதியில பயந்து விரல எடுத்துருவாரு. இல்லாத கேபிளக் குடுங்க, ஓட ஆரம்பிச்சா ஓடட்டும். வெள்ளிக்கிழமை டீக்கு உங்க வீட்டுக்கு வரேன். குரல் வந்தா வந்துது. வரலேன்னா இதோட விட்டுருங்க, எனக்கும் மானம் இருக்கு."

பழைய கேபிளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனதும் நான்தான். வேன் போகிற வரை வேன், அப்புறம் பால் லாரி. முகாஷிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேபிளைக் கழற்றிவிட்டு போனில் பேசிப் பதிய வேண்டும், பிறகு மாட்டிவிட்டு ஓடவிட வேண்டும், பெரிய வித்தை ஒன்றுமில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டு எனக்குக் குமிஸ் என்கிற புளித்த குதிரைப்பாலை ஊற்றினான்.

"டேய், பேசுவியா மாட்டியா? வாயத் திறந்து சொல்லித் தொலையேன்!"

"புளிப்பு சரியா இருக்கா பைக்கே?" என்றான்.

அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டானே என்று அடிக்காமல் விட்டேன். எனக்கு நம்பிக்கை போய்விட்டது.

வெள்ளிக்கிழமை பாத்மா நல்ல சிவப்புத் தலைத்துணி கட்டிக்கொண்டு வந்தாள். மீன் வாசனை ஆஸ்பிரின் வாசனையை அடக்கிவிட்டது. எஜே டீயை ஊற்றினாள், ஊற்றினதையே மறந்து மறுபடி ஊற்றினாள். திரையில் லியோனித் தட்டினார்: "அலைவரிசை காலி. யாரும் விசில் அடிக்காதீங்க." அதற்கப்புறம் ஒருவரும் அடிக்கவில்லை. எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார்கள் என்று தெரிந்தது.

டீ ஆறியது. எழுத்து வந்தது: "எல்லாரும் சுகம்."

நின்றுவிட்டது.

பாத்மா கோப்பையை வைத்தாள். "சுகமா இருக்கட்டும்," என்று எழுந்தாள். எஜே அவள் தலைத்துணி நுனியைப் பிடிக்கிற மாதிரி கையை நீட்டினாள். பாத்மா கதவுவரை போய்விட்டாள்.

ஸ்பீக்கரில் காற்று இரைந்தது. ஒரு குதிரை செருமியது. அப்புறம் முகாஷ். முதலில் தன் வானொலி அடையாளத்தைச் சொன்னான், பரீட்சைக்கு எஜே கற்றுக்கொடுத்தபடி, அழுத்தம் திருத்தமாக.

"பாத்மா, நான் முகாஷ். எனக்கு மீன் பிடிக்காது."

நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

"ஒரு நாளும் தின்னதில்ல. வாங்கிட்டுப் போய் நாய்க்குத்தான் போடுவேன். மூணு வருஷமா நாய் கொழுத்துப் போச்சு." நீளமாக ஒரு மூச்சு. "நீ கேட்டது முதல் தடவையே புரிஞ்சுது. கடைசில சிரிச்சியே, அதுக்காகத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். சரி பாத்மா. கட்டிக்கிறேன். மந்தை இறங்கற வரைக்கும் எல்லாம் என்னால முடியாது. நாளைக்கே வரேன்."

அதோடு முடிந்தது என்று நினைத்தோம். முடியவில்லை. அவன் போன் ஒரு குரல் பதிவு முடிந்தால் தானாக அடுத்ததை ஓட்டுமாம். தடுக்கப் பொத்தானும் இல்லையே! "முகாஷ், நான் பாத்மா. மூணு வருஷமா என் கடைக்கு வந்து..." என்று மறுபடி ஆரம்பித்து, குதிரைத் தடை வரை வந்து, அந்தச் சிரிப்பில் நின்றது. கதவருகே நின்ற பாத்மாவும் சிரித்துவிட்டாள். அதே சிரிப்புதான், ஆனால் இப்போது கண்ணில் தண்ணீரும் இருந்தது.

திரையில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. தோக்மோக், நாரின், ஆல்மாட்டி. "கல்யாணத்துக்கு நாங்களும் வருவோம். மீன் வேணாம்," என்று போட்டிருந்தார் லியோனித்.

எஜே சர்க்கரை டப்பாவுக்குள் கையை விட்டுக் கம்மலை எடுத்தாள். மயிரிழைக் கம்பியைப் பிடித்து ஈயம் வைக்கிற அந்தக் கைக்கு அன்று பாத்மாவின் காதுத் துளை அகப்படவில்லை. பாத்மா தானே வாங்கி மாட்டிக்கொண்டாள், கம்மலில் ஒட்டியிருந்த சர்க்கரையைத் தட்டிவிட்டு.

"எஜே," என்றாள். "நாளைக்கு அவர் வந்ததும் முதல் வேலையா அந்தக் கேபிள்ல பொத்தான் வெச்சுருங்க. இனிமே நாங்க பேசறதெல்லாம் லியோனித் தாத்தாவுக்கு எதுக்கு?"