பிள்ளையைப் பிடிக்க ஆள்

என் மனைவியை அடக்கம் செய்த அன்று, வீட்டுக்கு வந்தவர்களிடம் மூத்த மகள் தன் தாயைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். அம்மாவுக்குக் கடைச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, எங்கே பயணம் போனாலும் ரொட்டியைத் துணியில் முடிந்துகொண்டுதான் புறப்படுவாள், அவ்வளவு சுத்தம் பார்ப்பவள் என்றாள். வந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். அது சரியல்ல என்பது எனக்கு மட்டுமே தெரியும். மகளுக்குத் தெரிய நியாயமில்லை. காரியம் நடந்தபோது அவள் தாயின் மடியில் கைக்குழந்தை. அவளுக்காகவே இதை எழுதி வைக்கிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் கடுகண்ணாவையில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். மனைவி தெல்தெனியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில், கூலிகளின் லயத்து அறையில் பிறந்து வளர்ந்தவள். குழந்தையை அவளுடைய தாய்க்குக் காட்டுவதற்காகப் புறப்பட்டு, காலை ரயிலில் கண்டிக்கு வந்து இறங்கினோம். தெல்தெனிய பஸ்ஸுக்கு நேரமிருந்தது. விடியற்காலையில் அவள் குடித்தது வெறும் தேநீர். வழியெல்லாம் குழந்தை பால் குடித்துக்கொண்டே வந்தது. பசிக்கிறது என்று அவளாகவே சொன்னாள். அப்படிச் சொல்லுகிறவள் அல்ல.

கடைத்தெருவில் முஸ்லிம் நானா ஒருவரின் சாப்பாட்டுக் கடைக்குப் போனோம். முன்பக்கம் ஆண்கள் உட்கார நீள வாங்குகள். பின்னால் ஒரு சீலையைத் தொங்கவிட்டுப் பெண்களுக்கு இடம் ஒதுக்கியிருந்தார்கள். துள்ளுகிற பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சூடான கறிசோறு சாப்பிட முடியாது. ஆகையால் கைக்குழந்தையோடு வருகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புருஷன் முதலில் விறுவிறுவென்று சாப்பிட்டுக் கை கழுவித் திரையோரம் போய்ப் பிள்ளையை வாங்கிக்கொள்வான். அதன்பின் பெண் சாப்பிடுவாள். நானும் அப்படியே வருவதாகச் சொல்லி அவளை உள்ளே அனுப்பினேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் சோறு போட்டுவிட்டார்கள்.

நான் பாதி சாப்பிட்டிருந்தபோது பழைய நண்பன் ஒருவன் வந்து எதிரே உட்கார்ந்தான். யாழ்ப்பாணத்தவன். கண்டியில் என்னோடு போர்டிங்கில் இருந்து படித்தவன், இப்போது அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கர். என் கல்யாணத்துக்கு அவன் வரவில்லை. பெண் வீட்டார் காணி பூமி உள்ளவர்கள் என்று நான் அவனுக்கு எப்போதோ சொல்லியிருந்தேன். மனிசி எங்கை என்று கேட்டான். வீட்டில் விட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

அதைச் சொன்ன பிறகு திரைப்பக்கம் எப்படிப் போவது? கோப்பையில் சோறு முடிந்தது. இன்னும் கொஞ்சம் வாங்கிக்கொண்டேன். அவன் கச்சேரிக் கதைகளைச் சொன்னான், நான் சிரித்தேன். உள்ளே குழந்தை வீரிட்டு அழுதது. குழம்பில் கையை வைத்துவிட்டது என்று பிற்பாடு அறிந்தேன். பரிமாறுகிறவர் திரையைப் பாதி விலக்கிக்கொண்டு எங்கள் பக்கம் பார்த்துக் கேட்டார்.

"உள்ள ஒரு பிள்ளக்காரி ஈக்கிறா. ஆரோட வந்தவ? சோறு ஆறிப் போகுது, பிள்ளையப் புடிக்க ஆளில்ல."

நண்பன்தான் பேசினான்.

"ஆரோ தோட்டத்தான். பெண்டாட்டியை இருத்திப்போட்டுத் கள்ளுத் தவறணைக்குப் போயிட்டான் போல."

வாங்கில் இருந்த சிலர் சிரித்தார்கள். அவன் என்னைப் பார்த்தான்.

"இருக்கும்," என்று சொல்லி நானும் சிரித்தேன்.

திரை நிலம்வரை இறங்கவில்லை. அவளுடைய கால்கள் தெரிந்தன. குழந்தையை ஆட்டிக்கொண்டிருந்த அந்தக் கால்கள் நின்றுவிட்டன.

அந்த நண்பனால் எனக்கு ஆக வேண்டிய காரியம் ஒன்றுமில்லை. அவன் என்னை ஒன்றும் செய்திருக்கவும் முடியாது. என் பாட்டனாரும் அதே மலைகளில் கோப்பி பறித்தவர்தான். அதை அவன் கண்டுபிடித்துவிடுவான் என்ற கூச்சத்தைத் தவிர வேறு எந்தக் காரணமும் என்னிடம் இல்லை.

அவன் தேநீரும் குடித்துவிட்டுத்தான் எழுந்தான். அவன் தெருமுனையில் மறைந்த பிறகு திரையருகே போனேன். சோறு போட்டபடியே இருந்தது. குழம்பில் ஏடு படிந்திருந்தது. குழந்தையை வாங்கக் கை நீட்டினேன்.

"பஸ் போயிரும், வாங்க," என்று எழுந்துவிட்டாள்.

தோட்டத்தில் மாமியார் பிள்ளையை வாங்கிக்கொண்டு மகளுக்குச் சோறு போட்டார். அவள் தலை நிமிராமல் சாப்பிட்டாள். மறுபடியும் வாங்கிச் சாப்பிட்டாள்.

"என்னாடி, பட்டினி கெடந்தவ மாதிரி திங்கிற? கண்டியில மாப்ள ஒண்ணும் வாங்கிக் குடுக்கலயா?" என்று மாமியார் என்னைப் பார்த்துச் சிரித்தார். மாப்பிள்ளையைக் கேலி செய்கிற சிரிப்புதான்.

"அதெல்லாம் வயிறு முட்டச் சாப்பிட்டோம்மா. எறச்சிக் கறி, பருப்பு, வாழக்காப் பொரியல். பால் குடுக்கிறவளுக்கு எத்தன தரம் தின்னாலும் பசிதான்."

ஆறிப்போன அந்தக் கோப்பையில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். நான் அங்கேதான் இருந்தேன். இல்லை, அவள் சாப்பிடவில்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். மாமியார் எனக்கும் போடட்டுமா என்று கேட்டபோது, வயிறு நிறைந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

திரும்பும்போது கண்டி ஸ்டேஷனில் ரயிலுக்குக் காத்திருந்தோம். அவள் வாங்கில் உட்கார்ந்து துணி முடிச்சை அவிழ்த்தாள். உள்ளே ரொட்டியும் சம்பலும் இருவருக்குப் போதுமான அளவு இருந்தன. இடது கையில் குழந்தையை அணைத்துக்கொண்டு வலது கையால் ரொட்டியைப் பிய்த்தாள். பிள்ளையைத் தா, நீ ஆறுதலாகச் சாப்பிடு என்றேன்.

"வேணாங்க. ரொட்டின்னா ஒரு கை போதும். நீங்க கடைக்குப் போயிச் சாப்பிட்டுட்டு வாங்க."

குரலில் கோபம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து அந்தத் துணியிலிருந்து ஒரு ரொட்டியை நானும் எடுத்திருக்கலாம். எடுத்திருந்தால், அதன்பின் வந்த அத்தனை வருஷங்களில் எங்கள் பயணங்கள் வேறு மாதிரி இருந்திருக்குமோ என்னவோ.

நான் போனேன். அதே கடைக்குத்தான் போனேன். திரைக்குப் பின்னால் யாரும் காத்திருக்கவில்லை, அவசரமில்லாமல் சாப்பிட்டேன்.