முஸ்னா விற்ற வெடிமருந்து

முஸ்னாவின் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு மண்சுவர். அவள் உரலில் மருந்து இடிக்கும் சத்தம் எங்கள் அடுப்படியில் கேட்கும். பழைய ஆட்டுப்பட்டிகளின் மண்ணைச் சுரண்டிக் காய்ச்சி வெடியுப்பு எடுப்பாள். எருக்கங்குச்சியைச் சுட்டுக் கரியாக்குவாள். கந்தகம் மட்டும் கடற்கரையிலிருந்து ஒட்டகத்தில் வரும். மூன்றையும் தண்ணீர் தெளித்து ஈரமாகவே இடித்து, மொட்டைமாடியில் காயவைத்துச் சலிப்பாள். ஹத்ரமௌத்தில் எங்கள் பள்ளத்தாக்கு முழுவதும் எரியும் திரியால் சுடும் திரித்துப்பாக்கிக்காரர்கள் அவளிடம்தான் மருந்து வாங்கினார்கள்.

தொழில் அவள் கணவன் ஸுவைலிமுடையது. அவன் மலையாட்டு வேட்டைக்குப் போன இடத்தில் செங்குத்துப் பாறையிலிருந்து விழுந்து செத்தான். பக்கத்து மறைவில் ஆட்டுக்காகப் பதுங்கியிருந்தவன் கராமா. "கால் வழுக்கிருச்சு" என்று அவன்தான் வந்து சொன்னான். உடலை ஊருக்குக் கொண்டுவர முடியவில்லை. மலையிடுக்கிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். முஸ்னா முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அவள் கராமாவுடன் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் மனதில் என்ன இருந்தது என்பது தெருவுக்கே தெரியும்: விழுந்தானா, தள்ளினானா, குண்டு பட்டதா?

ஆனாலும் வருஷத்துக்கு ஒருமுறை இரண்டு பேரும் எதிரெதிரே நிற்க வேண்டியிருந்தது. பேரீச்சை இறக்கி முடிந்ததும் வேட்டை. வேட்டைத் தலைவர் மஹ்ரூஸ் ஒரு விதி வைத்திருந்தார்: எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே மருந்து, அதுவும் முஸ்னாவின் மருந்து. கராமா எங்கள் ஊரிலேயே நல்ல குறிகாரன். அவன் கொம்புக்குடுவையோடு வருவான். முஸ்னா தோல்பையின் வாயை விரித்து வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். மேலாக இருப்பதை அவன் எடுக்கமாட்டான். முழங்கைவரை கையை விட்டு அடியிலிருந்து அள்ளுவான். பிறகு ஒரு சிட்டிகையை உள்ளங்கையில் வைத்துத் திரியால் தொடுவான். புஸ்ஸென்று எரிந்து, தோல் சுடாமல், கசடு இல்லாமல் போனால்தான் குடுவையை நிரப்புவான்.

ஒருமுறை என் மனைவி ஷைகா மாடியிலிருந்தே கேட்டுவிட்டாள். "என்ன கராமா காக்கா, கல்யாணச் சாப்பாட்டையும் இப்படித்தான் அடிப்பானையில கைவிட்டுப் பாப்பீங்களா?"

"சமைக்கிறவங்களைப் பொறுத்தது" என்றான் கராமா.

முஸ்னா பையின் வாயைக் கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

பதினோரு வருஷம் இப்படி ஓடியது.

அந்த வருஷ வேட்டைக்கு நானும் போனேன். எனக்குத் துப்பாக்கி இல்லை. மேலிருந்து ஆடுகளை விரட்டும் கூட்டத்தில் ஒருவன். கத்திக்கொண்டு இறங்கினோம். ஏழெட்டு ஆடுகள் இடுக்குக்குள் பாய்ந்தன. கீழே மறைவுகளிலிருந்து துப்பாக்கிகள் ஒன்றாக வெடித்தன. புகை மூடியது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. அது சுட்ட சத்தம் மாதிரி இல்லை. பானை உடைந்தது போல இருந்தது. புகை விலகியபோது கராமா பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். துப்பாக்கியின் குழல் அடியில் பிளந்து வாழைப்பூ மடல் மாதிரி விரிந்திருந்தது. இடது கையில் மூன்று விரல்கள் இல்லை. கன்னம் கரிந்திருந்தது.

முதலில் அவன் சொன்ன வார்த்தை தண்ணீர் அல்ல.

"செஞ்சுட்டா. கடைசியில செஞ்சே புட்டா அவ."

ஒரு ஆடும் விழவில்லை. வேட்டை வெறுங்கையோடு திரும்பினால் எங்கள் ஊரில் யார் மேலாவது குற்றம் இருக்கிறது என்றுதான் பேச்சு எழும். யாருடைய வீட்டில் சண்டை, யார் மனதில் அழுக்கு என்று தேடுவார்கள். அந்த முறை தேட வேண்டியிருக்கவில்லை. மேளம் இல்லாமல், பாட்டு இல்லாமல் நாங்கள் ஊருக்குள் நுழைந்தபோதே எல்லாக் கண்ணும் முஸ்னாவின் கதவைப் பார்த்தன.

மறுநாளிலிருந்து மருந்தைத் திருப்பிக் கொடுக்க ஆட்கள் வந்தார்கள். சிலர் கொடுக்கக்கூட இல்லை. வாசலில் கொட்டிவிட்டுப் போனார்கள். ஷைகா நெருப்பு வாங்கப் போவதை நிறுத்தினாள். "அவ வீட்டுத் தணலை நம்ம அடுப்புல போடமாட்டேன்" என்றாள். நான் அவளைக் கண்டிக்கவில்லை. எனக்கும் சந்தேகம்தான். சுவருக்கு அந்தப் பக்கம் உரல் சத்தம் நின்றிருந்தது. அந்த அமைதியே குற்றத்தை ஒப்புக்கொள்வதாக எனக்குப் பட்டது.

மஹ்ரூஸ் பிறவியிலேயே யாரையும் நம்பாத மனிதர். அந்த நம்பாமைதான் அன்று உதவியது. மலையிடுக்கிலேயே கராமாவின் குடுவையை வாங்கி, வாயில் துணி கட்டி, முடிச்சில் மெழுகு வைத்துத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். "யாரும் கொட்டக் கூடாது, யாரும் மாத்தக் கூடாது" என்றார். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் ஊரை வறண்ட ஆற்றுக்குக் கூப்பிட்டார். கரைமண்ணில் வெள்ளைக் கல்லைப் பதித்து வைத்து ஆண்கள் குறிபழகும் இடம் அது.

முஸ்னா முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு வந்தாள்.

"லாத்தா, கராமாவுக்குத் தனியா ஏதாவது கலந்து குடுத்தியா?" என்று மஹ்ரூஸ் நேராகவே கேட்டார்.

"அவனுக்கு நான் எப்பங்க குடுத்தேன்? அவனே கையை விட்டு எடுத்தான். எல்லாரும் அதே பையில எடுத்தீங்க. உங்க குழலெல்லாம் முழுசாத்தானே இருக்கு?"

"அடியில இருந்து எடுப்பான்னு உனக்குத் தெரியும். அடியில போட்டு வச்சிருப்ப" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

முஸ்னா திரும்பிப் பார்க்கவில்லை. "அப்போ அந்தக் குடுவையைத் தொறங்க. கெட்டிச்சுக் குடுங்க. நானே சுடறேன்."

மஹ்ரூஸ் மெழுகை உடைத்தார். தன் துப்பாக்கியிலேயே ஓர் அளவு மருந்து போட்டு, குண்டு விட்டு, கோலால் இடித்துக் கொடுத்தார். மருந்து செய்வாளே தவிர அவள் துப்பாக்கி பிடித்தவள் அல்ல. தோளில் வைத்தபோது குழல் ஆடியது. பக்கத்தில் நின்றவர்கள் பின்வாங்கினார்கள். திரி, குழலோரத்தில் பற்றுமருந்து வைத்த கிண்ணியைத் தொட்டது. வெடித்தது. அவள் இரண்டடி பின்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். குண்டு கல்லுக்கு நாலு சாண் கீழே மண்ணைத் தெறிக்கவைத்தது. குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"ஒரு வெடி போதுமா? மிச்சத்துல கலப்படம் இருந்தா?" என்றது அதே குரல்.

"மிச்சத்தையும் சுடுங்க" என்றாள் முஸ்னா, தரையில் உட்கார்ந்தபடியே.

மஹ்ரூஸ் சுட்டார். குடுவையைத் தட்டி உதறித் தீரும்வரை, நாலு முறை. மூன்றாவது குண்டு வெள்ளைக் கல்லைத் தூளாக்கியது. வழக்கமாக அதற்கு ஒரு ஆரவாரம் எழும். அன்று எழவில்லை.

முஸ்னா எழுந்து மணலைத் தட்டிக்கொண்டாள். "என்னைக் கேட்டாச்சு. அவனை ஒரு கேள்வி கேக்கணும். என்கூட வாங்க."

மஹ்ரூஸும் இன்னும் இரண்டு பேரும் நானும் அவளுடன் போனோம். கராமா கட்டுப்போட்ட கையை மார்பில் வைத்துச் சாய்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழப் பார்த்தான். பதினோரு வருஷத்துக்குப் பிறகு அவள் அவனிடம் பேசிய முதல் வார்த்தை இதுதான்:

"உன் இடிக்கிற கோல்ல அடையாளம் வெட்டியிருக்கியே, ரெண்டாவது தடவை கெட்டிச்சப்போ அது எங்க நின்னுச்சு?"

கோல் குழலுக்குள் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்துத்தான் உள்ளே மருந்து இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்வார்கள். குழல் காலியென்றால் கோல் இறங்கும் ஆழம் ஒன்று, ஒரு வெடி இருந்தால் இன்னொன்று. அதற்காகத்தான் ஆளாளுக்குக் கோலில் கீறல் போட்டிருப்பார்கள்.

"கவனிக்கலை" என்றான்.

மஹ்ரூஸ் அவன் எதிரே குந்தி உட்கார்ந்தார். "உள்ளங்கையில மருந்தைக் கொளுத்திப் பாக்கற ஆளு நீ. சோத்துல கல்லு இருக்கான்னு வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்ப. கோலை நீ கவனிக்கலையா?"

கராமா கைக்கட்டின் நுனியை இழுத்துச் செருகினான்.

"கீறலுக்கு நாலு விரல் மேல நின்னுச்சு" என்றான் கடைசியில். "முதல் தடவை கிண்ணி மட்டும் எரிஞ்சிருக்கு. உள்ள பத்தலை. சுத்தி எல்லாரும் சுட்ட சத்தத்துல என்னுதும் போயிருச்சுன்னு நினைச்சேன். கோல் மேல நிக்கறதைப் பார்த்தேன். கசடா இருக்கும்னு நானே சொல்லிக்கிட்டேன். கொம்பு ரெண்டும் முதுகுவரைக்கும் வளைஞ்ச கிடா ஒண்ணு நேரா எறங்கி வருது. அதை விட மனசு வரலை."

ஒரு குழலில் இரண்டு மருந்து, இரண்டு குண்டு. எந்தக் குழலும் தாங்காது.

மஹ்ரூஸுக்குக் கோபத்தில் தாடி ஆடியது. "தெரிஞ்சேவா அந்தப் பொம்பளை மேல பழியைப் போட்ட?"

"அப்போ தெரியலை சாச்சா. வெடிச்ச உடனே அவதான்னு தோணுச்சு. பதினோரு வருஷமா அவ என்னைக்குச் செய்வா, என்னைக்குச் செய்வான்னு ஒவ்வொரு வெடிக்கும் கண்ணை மூடிக்கிட்டுத்தான் திரியை வச்சேன். படுத்துக் கிடந்தப்போதான் கோல் நினைப்பு வந்துச்சு. அதுக்கப்புறம் சொல்ல வாய் வரலை."

முஸ்னா மெதுவாகக் கேட்டாள். "நான் ஏன் செய்யணும்? நான் செய்வேன்னு உனக்கு ஏன் தோணணும்?"

அவன் அவள் முகத்தைப் பார்க்காமலே சொன்னான்.

"ஸுவைலிம் கால் வழுக்கினது நெசம். நான் தள்ளலை. ஆனா உடனே விழலை. விளிம்பைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்கினான். அஞ்சு அடி எடுத்து வச்சா எட்டற தூரம். என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான். என் திரி எரிஞ்சுக்கிட்டிருந்துச்சு, ஆடு குறியில நின்னுச்சு. சுட்டுட்டுத் தூக்கலாம்னு நினைச்சேன். சுட்டுட்டுத் திரும்பினேன். அவன் இல்லை."

"ஆடு விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்துவிட்டாள்.

வழக்கப்படி கராமா அவள் வாசலில் ஒரு ஆட்டை அறுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று மஹ்ரூஸ் தீர்ப்புச் சொன்னார். முஸ்னா ஆடு வேண்டாம் என்றாள். "ஸுவைலிம் விழுந்த இடத்தைக் காட்டணும். அது போதும்." பெண்கள் அந்த இடுக்குக்குப் போவதில்லை என்று முணுமுணுப்பு எழுந்தது. மஹ்ரூஸ் அதைக் கையமர்த்தினார். மலையேறும் நிலையில் இல்லாத கராமா, வழியையும் தான் பதுங்கியிருந்த மறைவையும் வாயால் சொல்லி அனுப்பினான். நானும் ஷைகாவும் கழுதையோடு அவளைக் கூட்டிப் போனோம். அந்த ஒரு வாரம் அவள் முகத்தைப் பார்க்கத் தயங்கிய ஷைகா, வழியெல்லாம் தன் பங்குக் கருவாட்டையும் பேரீச்சையையும் அவள் மடியில் திணித்துக்கொண்டே வந்தாள்.

ஸுவைலிமை அடக்கிய, கல் குவித்த கபறின் முன்னால் முஸ்னா கொஞ்ச நேரம் உட்கார்ந்து ஓதினாள். பிறகு மேலே ஏறினாள்.

"உபைது, கராமா இருந்த மறைவுல போய் நில்லு" என்றாள் என்னிடம்.

நின்றேன். அவள் விளிம்பிலிருந்து என்னை நோக்கி அடி வைத்து எண்ணினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஒப்புக்கொண்டவனின் பேச்சையும் அவள் நம்பியிருக்கவில்லை. திரும்பிப் போய் விளிம்பின் சரளைக்கல்லைக் காலால் தள்ளிப் பார்த்தாள். அது சரிந்து, வெகுநேரம் கழித்துக் கீழே சத்தம் கேட்டது.

"சரியாத்தான் சொல்லியிருக்கான். வழுக்கிற எடம்தான். அஞ்சு அடிதான்" என்றாள். பிறகு குரல் உடைந்தது. "அஞ்சு அடிதானே, ஷைகா." ஷைகா அவளைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கி வரும்போது நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது, ஆனால் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து அவளைச் சந்தேகப்பட்டவன் நான். "லாத்தா, ஒருநாளாவது அப்படிச் செய்யணும்னு நினைச்சதுண்டா?"

"நெறைய நாள் நினைச்சேன்" என்றாள், தயக்கமே இல்லாமல். "ஆனா அந்தப் பைக்குள்ள எல்லாரும்தானே கையை விடுவீங்க."

ஷைகா கழுதையை அதட்டினாள்.

நாலாம் நாள் உரல் சத்தம் மறுபடியும் கேட்டது. அதற்குப் பிறகு பதினான்கு வருஷம் அவள் மருந்து விற்றாள். கராமா துப்பாக்கி எடுக்கவில்லை. வேட்டையில் ஆடுகள் ஓடும் வழியில் வலை பிடிக்கிறவர்களோடு சேர்ந்துகொண்டான். அவளிடம் வாங்க வந்தவர்களின் பழக்கம் மட்டும் மாறியிருந்தது. முன்பு கராமா ஒருவன்தான் மருந்தை உள்ளங்கையில் கொளுத்திப் பார்ப்பான். அவள்மேல் குற்றமில்லை என்று தெரிந்தும் இப்போது எல்லாரும் பார்த்தார்கள். முஸ்னா கோபிக்கவில்லை. திரியைப் பற்றவைத்து அவளே நீட்டுவாள்.