சுவரேறிய மண்புழுக்கள்

காலை ஆறு மணி பத்து நிமிடம். ஆட்டுக் கொட்டகையின் படலைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டது எதிர்ச்சுவர். தரையிலிருந்து என் இடுப்பு உயரம் வரை அது அசைந்துகொண்டிருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவர் முழுக்க மண்புழுக்கள் ஏறிக்கொண்டிருந்தன. விரல் நீளம்கூட இல்லாத, சிவந்த, மெல்லிய புழுக்கள். மூலைகளில் ஒன்றோடொன்று பின்னிக் கொத்துக் கொத்தாகத் தொங்கின. சில கதவுக்காலில் பாதி தூரம் ஏறி, அதற்குமேல் காய்ந்த மரம் என்று தெரிந்து, தலையைக் காற்றில் ஆட்டி வழி தேடின. நான்கு தொட்டிகளின் விளிம்புகளிலும் ஈரச்சாக்கை மீறி வெளியே வழிந்திருந்தன. வாசற்படியில் வரிசையாக நின்ற எங்கள் வீட்டுக் கோழிகளுக்கு அன்று காலைத் தீனி தேடும் வேலை இருக்கவில்லை.

நான் கூப்பிட்ட குரலுக்கு அண்ணி தண்ணீர்க் குடத்தோடு வந்தார். குடத்தை இறக்கி வைத்தார். சுவரைப் பார்த்தார், தொட்டிகளைப் பார்த்தார். கத்தவில்லை. "தம்பி, மொதல்ல கோழிய புடிங்க" என்றார்.

எண்பதுகளின் பிற்பாதி அது. நான் வேலூரில் ஒரு நாளிதழில் சேர்ந்து அதிக காலம் ஆகவில்லை. விடுப்பில் எங்கள் மலையூரான புதூர்நாட்டுக்கு வந்திருந்தேன். அடிவாரத்து ஊர்க்காரரான என் அப்பா, மலைமேல் மளிகைக்கடை வைத்துப் பல ஆண்டுகளாகி, அங்கேயே வீடும் கொஞ்சம் நிலமும் சேர்த்திருந்தார். அண்ணன் ஆலங்காயத்தில் அரிசி மண்டியில் வேலை பார்த்தான். வாரம் ஒருமுறை மலையேறி வருவான். அவன் மனைவிதான் இந்த அண்ணி. அவர் ஆலங்காயத்துப் பெண். கல்யாணமாகி வந்த முதல் வருடமே எங்கள் வீட்டில் எல்லாருடைய குரலையும் விடத் தெளிவாகக் கேட்கும் குரல் அவருடையதாகிவிட்டது. சத்தமான குரல் இல்லை. சொல்ல நினைத்ததைப் பாதியில் நிறுத்தாத குரல்.

வாணியம்பாடிப் பக்கம் ஒரு பண்ணையில் அவருடைய சித்தப்பா வேலை செய்தார். அங்கே சாணத்தில் புழு வளர்த்து எரு எடுப்பதை அண்ணி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தார். அடுத்த முறை பிறந்த வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, பால் தூக்கு நிறைய அந்தப் புழுக்களைக் கொண்டுவந்தார். மலை ஜீப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், தூக்கில் என்ன பலகாரம் என்று கேட்டாராம். அண்ணி மூடியைத் திறந்து காட்டியிருக்கிறார். ஜீப் புதூர்நாடு வந்து சேரும்வரை அந்த மனிதர் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே வந்தார் என்று டிரைவர் எல்லாரிடமும் சொன்னார். எங்கள் பக்கம் மண்புழுவை நாக்குப்பூச்சி என்பார்கள். அன்றிலிருந்து எங்கள் வீடு நாக்குப்பூச்சி வீடு ஆனது. கடைக்கு உப்பு வாங்க வரும் பெண்கள், "நாக்குப்பூச்சி வூட்டு மருமவளே, இன்னிக்கி இன்னா கறி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். "உங்க வூட்டுச் சாணி கொண்டாங்க, சொல்றேன்" என்பார் அண்ணி. அப்படியே சாணியும் வரும்.

புழு வளர்க்க இடம் வேண்டுமே. கோடையில் எங்கள் ஆடுகள் அடிவாரத்துக்கு, மாமாவின் அறுத்த வயல்களில் எருவுக்காகக் கிடைபோட இறங்கிவிடும். மழை பிடிக்கும் ஆடியில்தான் திரும்ப மேலே வரும். அந்த இடைவெளியில் காலியாகக் கிடக்கும் கொட்டகையை அண்ணி கேட்டார். அம்மாவுக்குப் புழு என்றாலே குமட்டும். ஆனாலும் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. "ஆடு வர்றதுக்குள்ள எவனாச்சும் ஒருத்தன் துட்டு குடுத்து இந்தப் பூச்சிய வாங்கணும். வாங்கினா கொட்டாய் உன்னுது. இல்லன்னா, எல்லாத்தியும் வாரி ஓடைல கொட்டிட்டு ஆட்டைக் கட்டணும். சரின்னா செய்யி." அண்ணி யோசிக்கவேயில்லை. "சரிங்க அத்தை" என்றார். மறுநாளே செங்கல்லும் சேறும் வைத்து நான்கு தொட்டி கட்டினார், கொத்தனார் யாரையும் கூப்பிடாமல்.

எருவாக விற்றால் மலையில் யார் வாங்குவார்கள்? சாமைக்கு எருவை விலைக்கு வாங்கிப் போடும் பழக்கம் அங்கே இல்லை. புழுவாகவே விற்றால்தான் தொழில் என்பதில் அண்ணி உறுதியாக இருந்தார். அண்ணன் மூலம் ஆலங்காயத்தில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவரின் காதில் செய்தியைப் போட்டார். அந்தத் தோப்புக்காரர் ஏற்கெனவே ஏமாந்தவர். யாரோ ஒருவன் சாணிமூட்டையில் வயல் புழுக்களைக் கலந்து, இதுதான் எரு போடும் புழு என்று தலையில் கட்டியிருந்தான். அவை ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. அதனால் நேரில் வந்து கண்ணால் பார்க்காமல் வாங்கமாட்டேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். வருகிற நாளையும் சொல்லியிருந்தார். புழுக்கள் சுவரேறிய காலைதான் அந்த நாள்.

தப்பு எங்கே நடந்தது என்பது அண்ணிக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிட்டது, ஏனென்றால் செய்தவர் அவர்தான். பங்குனியில் எங்கள் வீடு புளியால் நிறைந்திருக்கும். மலைக்காரர்கள் புளியைக் கொண்டுவந்து போட்டுவிட்டு அரிசி, எண்ணெய், துணி சோப்பு வாங்கிப் போவார்கள். பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுப்பார்கள். ஓடும் நாரும் மலையாகக் குவியும். அதே மாதத்தில்தான் மாடுகள் காட்டுக்கு மேயப் போய்ச் சாணம் குறையும். தோப்புக்காரர் வரும்போது தொட்டிகள் நிறைவாகத் தெரியவேண்டும் என்று அண்ணி நினைத்தார். சாமை உமியைத் தின்ற புழு, மாங்காய்த் தோலைத் தின்ற புழு, பலாச்சக்கையை மூன்றாம் நாளே காணாமல் அடித்த புழு, புளிநாரை மட்டும் வேண்டாம் என்றா சொல்லும்? "இதுக்கு வாய் கீது, பல்லுதான் இல்ல. மெத்துன்னு குடுத்தா எதையும் தின்னும்" என்பது அவருடைய கட்சி. ஆகவே நாரை ஊறவைத்து மெத்தென்று ஆக்கி, நான்கு தொட்டியிலும் கூடை கூடையாகக் கலந்துவிட்டார். முந்தின நாள் மாலை நானும் கூடை தூக்கினேன். கொட்டகை முழுக்க ரசம் கொதிக்கிற வாசனை. பல்லில்லாத அந்தப் பிராணிக்கு உடம்பெல்லாம் தோல், அந்தத் தோல் முழுக்க ஈரம், அந்த ஈரத்தில் புளிப்பு ஏறினால் என்னவாகும் என்பது விடிந்தபோது சுவரில் தெரிந்தது.

நான் கோழிகளைத் துரத்திப் பிடித்துக் கூடைகளைக் கவிழ்த்து மூடினேன். அண்ணி நனைத்த சாக்கைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து, மேலிருந்து கீழாகப் புழுக்களை வழித்துப் பழைய சாணம் போட்ட அலுமினியச் சட்டிகளில் இறக்கிக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களை வாசலிலேயே நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. நாங்கள் பாதிச் சுவர்கூட முடிக்கவில்லை. ஜீப் வந்து நின்ற சத்தம் கேட்டது.

தோப்புக்காரர் வெள்ளைச் சட்டை, மடித்துக் கட்டிய வேட்டி, கக்கத்தில் குடை. கொட்டகை வாசலில் வந்து நின்றவர் ஒரு கால் உள்ளேயும் ஒரு கால் வெளியேயுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, செவுரு பூரா பூச்சியா கீது?"

"வாங்கண்ணா. காலாண்ட பாத்து வாங்க."

"ஓடுதா?"

"ஆமாங்கண்ணா. புளிநாரு போட்டேன். அதுக்கு ஆவல, ஓடுது. உங்க தோப்புல புளியமரம் இருந்தா அந்தக் குப்பைய இதுங்கிட்ட சேக்காதீங்க."

அவர் சுவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். குடையைப் படலில் மாட்டிவிட்டு உள்ளே வந்து, ஒவ்வொரு மூலையாகக் குனிந்து பார்த்தார். "தொட்டியக் கிளறி நாலு பூச்சியக் காட்டுவ, மீதியெல்லாம் சாணின்னு நெனச்சினு வந்தேன். இப்பிடி மொத்தத்தையும் வெளிய வுட்டு எவனும் எனக்குக் காட்டனதில்ல" என்றார். நானும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஒளித்துவைக்க எதுவும் இல்லாத கடை அது. சரக்கு முழுவதும் சுவரில் இருந்தது.

அவர் அங்கேயே முடிவு செய்துவிட்டார். "வழிச்சி வெச்சதையெல்லாம் கட்டிக் குடும்மா. ஜீப்புல எடம் கீது" என்று மடியில் கை வைத்தார். அம்மா அடுக்களை வாசலிலிருந்து ஓரடி முன்னால் வந்தார். நான் சட்டிகளுக்கு மூடி தேடினேன்.

"இன்னிக்குக் குடுக்கமாட்டேங்கண்ணா" என்றார் அண்ணி.

கையில் வழித்த சாக்கோடுதான் சொன்னார். வேலையையும் நிறுத்தவில்லை. தோப்புக்காரர் தனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்திருக்கவேண்டும், மறுபடியும் கேட்டார்.

"புளிப்பு பட்ட பூச்சிங்கண்ணா. இன்னிக்கி நல்லாத்தான் நெளியும். உங்க தோப்பு வரைக்கும் உயிரோடவும் வரும். அங்க போயி எத்தினி பொழைக்கும்னு எனக்குத் தெரியாது. தேறட்டும். முட்டை வெச்சதும் சொல்லியனுப்பறேன், வந்து எடுத்துனு போங்க."

"நான் தெரிஞ்சிதானம்மா கேக்கறேன். செத்தா நஷ்டம் எனக்குத்தான?"

"நஷ்டம் உங்குளுது. கெட்ட பேரு என்னுது. வேணாங்கண்ணா."

அம்மாவால் அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. "ஏம்மா, ஊட்டாண்ட வந்த மனுசனத் திருப்பி அனுப்பறியே, ஆடு வர்றது ஞாபகம் கீதா?"

"கீதுங்க அத்தை" என்றார் அண்ணி. அவ்வளவுதான் பதில்.

தோப்புக்காரர் மோர் குடித்துவிட்டு, வந்த ஜீப்பிலேயே மலையிறங்கிப் போனார். போகும்போது கோபமா வருத்தமா என்று முகத்தில் படிக்க முடியவில்லை. மனிதர்களின் முகத்தைப் படித்துச் செய்தி எழுதும் வேலைக்குப் போய்ச் சேர்ந்திருந்த எனக்கு அது ஒரு குறையாகவே பட்டது.

அன்று முழுவதும் தொட்டிகளைக் காலி செய்தோம். புளிநாரை வாரிக் கொட்டி, அடித்தளத்தைக் கழுவி, பழைய சாணத்தையும் மக்கிய பலா இலையையும் நிரப்பினோம். சட்டியில் இருந்தவற்றை மேலே விட்டபோது சில உடனே இறங்கிவிட்டன. சில அப்படியே கிடந்தன. அவற்றை அண்ணி விரலால் தொட்டுப் பார்த்தார். சுருங்கியதை விட்டார், சுருங்காததை எடுத்துக் கோழிக்குப் போட்டார். இனி எந்தப் புதுக் குப்பையாக இருந்தாலும் முதலில் ஒரு கொட்டாங்கச்சியில் பத்துப் புழுவோடு வைத்துப் பார்ப்பேன் என்று சொன்னார். அழுததையோ நொந்துகொண்டதையோ நான் பார்க்கவில்லை. தன் தவறைப் பற்றி வேறொருவர் செய்ததைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசினார், மறைக்காமல், பெரிதாக்காமல்.

இன்று வேலூரில் என் வீட்டுக்குப் பக்கத்து நாற்றுக்கடையில் மண்புழு எருவை அழகான பிளாஸ்டிக் பைகளில் அடுக்கிவைத்திருக்கிறார்கள். பையின்மேல் சிரிக்கும் புழுவின் படம். கேட்டால் புழுவையும் டப்பாவில் போட்டுத் தருகிறார்கள், தேறியதா என்று கேட்டால் கடைக்காரப் பையன் என்னை ஒருமாதிரி பார்க்கிறான். அண்ணியிடம் போனில் சொன்னேன். "வியாபாரம் பெருசாய்டுச்சின்னா அப்பிடித்தான் தம்பி, யாரும் தொட்டுப் பாக்க மாட்டாங்க" என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை. அவரும் இப்போது தொட்டுப் பார்ப்பதில்லை, அதற்கு ஆள் வைத்திருக்கிறார்.

அந்த வருடம் நான் மறுபடி மலையேறியது ஆடிக் கிருத்திகைக்கு. தொட்டிகளில் கடுகைவிடச் சற்றுப் பெரிய, எலுமிச்சை நிற முட்டைகள் நிறைந்திருந்தன. ஆலங்காயத்துக்கு ஜீப் டிரைவர் மூலம் சொல்லியனுப்பி வெகுநாள் ஆகியிருந்தது. "நாக்குப்பூச்சி முட்டை வெச்சிக்கீதாம்" என்று வழியில் இருந்த அத்தனை ஊரிலும் சொல்லிச் சிரித்துக்கொண்டே டிரைவர் செய்தியைக் கொண்டுபோயிருந்தார். தோப்புக்காரரிடமிருந்து பதில் இல்லை.

நான் வந்த மறுநாள், நல்ல மழையில், மாமா ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். வாசலில் நனைந்தபடி அவை கத்தின. அண்ணி கொட்டகைக்குள் போய்த் தொட்டிகளின்மேல் இருந்த சாக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து மடிக்கத் தொடங்கினார். அவர் யாரிடமும் அவகாசம் கேட்கவில்லை. அம்மா ஆட்டுக் கயிற்றைப் பிடித்தபடி கொட்டகை வாசலில் நின்று அதைப் பார்த்தார்.

"எதுக்கு இப்ப சாக்க எடுக்கற?"

"நீங்கதான சொன்னீங்க அத்தை."

"வாங்க வந்தவன நீ அனுப்பிட்ட. அவன் வாங்கமாட்டேன்னு ஒண்ணும் சொல்லலியே. மூடி வெய்யி, மழச்சாரல் படுது."

அம்மா திரும்பி, முதல் ஆட்டைக் காதைப் பிடித்து வீட்டுப் படியேற்றினார். மாமா குடைக்கடியில் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

தோப்புக்காரர் புழு வாங்க ஐப்பசியில்தான் வந்தார். அதுவரை ஆடுகள் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்தன.