பாதையில் பனி அள்ள மறுத்த ஹில்யா

ஆல்டர் கிரீக் டவுன்ஷிப்பில் யாராவது சும்மா சிரித்தால்கூட ஹில்யா ரௌட்டியோ அதற்குக் காரணம் தேடுவாள். கடைக்காரர் விலையைக் குறைத்தால் சரக்கு கெட்டுப்போயிருக்க வேண்டும். பாதிரியார் வீட்டுப் பக்கம் வந்தால் தேவாலயக் கூரைக்கு நன்கொடை கேட்க வந்திருக்க வேண்டும். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓட்டி, வருடக்கணக்கில் பிள்ளைகளைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லாருமே நம் முதுகுக்குப் பின்னால் ஏதோ செய்துகொண்டிருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டவள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அப்படித்தான்.

அந்தக் குளிர்காலத்தில் அவளுக்கு ஒளித்து வைக்க ஒரு பொருள் இருந்தது. அதுவும் சட்டைப்பைக்குள் போட்டு மறைக்கிற பொருள் இல்லை. ஒரு சவுனா, நீராவியில் குளிக்கிற மரக்குடில்.

கணவன் ரெய்னோ இறந்து இரண்டு குளிர்காலம் ஆகிவிட்டது. அவன் இறந்த பிறகு வந்த கோடையில், ஏரிக்கரையோரம் இருந்த பழைய நீராவிக் குடிலை ஹில்யா ஆள் வைத்து இடித்தாள். அப்புறம் வீட்டுக்குப் பின்னால் ஊசியிலை மரங்களின் மறைவில் புதிதாக ஒன்று கட்டிக்கொண்டாள். உடை மாற்ற ஓர் அறை, அதில் ஒரு ஜன்னல், நல்ல தேவதாரு பெஞ்சு, கல் அடுப்பு. பழையதைவிடப் பெரியது. அனுமதி வாங்கவில்லை, யாரிடமும் மூச்சு விடவில்லை. எங்கள் பக்கத்தில் சவுனா கட்டுவதை டவுன்ஷிப் அலுவலகத்தில் போய்ச் சொல்லிவிட்டுக் கட்டுகிறவன் இன்னும் பிறக்கவில்லை என்பதால் இதை யாரும் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், வரி போடுகிறவரைத் தவிர.

வரி போடுகிறவர் ஊருக்குப் புதியவர். ஹாரிங்டன் என்று பெயர். மாநிலத்தின் தெற்கிலிருந்து வந்தவர். நாலைந்து டவுன்ஷிப்புகளுக்குச் சொத்து மதிப்புப் போடும் வேலை அவருக்கு. இலையெல்லாம் உதிர்ந்த பிறகுதான் கட்டடங்கள் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியும், அதனால் ஏரிக்கரைச் சாலை வீடுகளைக் குளிர்காலத்தில் வந்து பார்க்கப்போகிறேன் என்று அவர் டவுன்ஷிப் கூட்டத்தில் சொன்னதைக் கேட்டதிலிருந்தே ஹில்யாவுக்கு நிம்மதி இல்லை. காரணம் இருந்தது. அதே சாலையில் இருந்த டூனே என்பவளின் வீட்டில் போன வருடம் ஒரு புது வராந்தாவைப் பார்க்கத்தான் அவர் உள்ளே போனார். வராந்தாவோடு நின்றாரா? ஏரி முகப்பு, படகுத்துறை, மாடி என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்தார். அடுத்து வந்த வரியைக் கட்ட முடியாமல் டூனே வீட்டைச் சிகாகோக்காரர்களுக்கு விற்றுவிட்டு, மார்க்வெட் நகரத்தில் இரண்டு அறைக் குடியிருப்பில் போய் உட்கார்ந்திருக்கிறாள். ஏரியைப் பார்க்க வேண்டுமானால் பஸ் ஏற வேண்டும். ஹில்யாவின் வீடும் ஏரிக்கரையில்தான் இருக்கிறது. பஸ் ஓட்டுகிற சம்பளத்தில் அந்த வரியை அவளாலும் கட்ட முடியாது.

அதனால் முதல் பெரும்பனி விழுந்தபோது ஹில்யா ஒரு முடிவு எடுத்தாள். சாலையிலிருந்து வீடு வரைக்கும் வரும் பாதையில் இந்த வருடம் பனி அள்ளப்போவதில்லை. காரைச் சாலைக்கு அந்தப் பக்கம் தேவாலய வளாகத்தில் நிறுத்தினாள். பால், மாவு, விறகு எல்லாவற்றையும் காலால் உந்துகிற சறுக்கு வண்டியில் வைத்து, இடுப்பளவு பனிக்குள் மிதித்து வைத்த ஒற்றையடித் தடத்தில் இழுத்துக்கொண்டு வந்தாள். ஹாரிங்டன் தெற்கத்தி ஆள், பளபளக்கிற தோல் ஷூ போடுகிற ஆள். அவர் அந்தப் பனியைத் தாண்டி வரமாட்டார் என்பது அவள் கணக்கு.

எங்கள் ஊரில் இப்படி யாரும் செய்ததில்லை. பனி பெய்தால் அள்ள வேண்டும். காபி குடிக்கிறோமோ இல்லையோ, அள்ள வேண்டும். அள்ளாத வீட்டைப் பார்த்தால் உள்ளே ஆள் செத்துக் கிடக்கிறார்களோ என்று போய்க் கதவைத் தட்டுவோம்.

டிசம்பரில் குளிர்கால வரிச் சீட்டோடு டவுன்ஷிப்பின் அறிவிப்பும் வந்தது. வருடாவருடம் வருவதுதான். நாய்க்கு உரிமம் வாங்குங்கள், உங்கள் பனியைச் சாலைக்குக் குறுக்கே தள்ளாதீர்கள், புகைபோக்கியைச் சுத்தம் செய்யுங்கள், தீயணைப்புக் குழாயைச் சுற்றிப் பனி சேரவிடாதீர்கள். கடைசியில் ஒரு வரி: ஆம்புலன்ஸும் தீயணைப்பு வண்டியும் வந்து போக வீட்டுப் பாதையை அகலமாகத் திறந்து வையுங்கள். ஹில்யா அந்த வரியைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு தடவை, போடாமல் ஒரு தடவை படித்தாள். ஆம்புலன்ஸ் என்பதெல்லாம் சாக்கு, இது ஹாரிங்டனுக்கு வழி கேட்கிற வேலை என்று அவளுக்குப் பட்டுவிட்டது.

வரி கட்டப் போனபோது, அலுவலகத்தில் பணம் வாங்குகிற பெர்னிஸ் வாயைக் கொடுத்தாள்.

"என்ன ஹில்யா, உங்க வீட்டு வழியில ஆளுயரத்துக்குப் பனி கெடக்குதாமே? தபால்காரர் சொன்னாரு."

"தபால்காரரைத் தபாலைப் பாக்கச் சொல்லு."

"முதுகு வலியா? ஆள் வேணும்னா அனுப்பறேன். டவுன்ஷிப்ல அதுக்குன்னே ஒரு ஏற்பாடு இருக்கு, வயசானவங்களுக்கு."

"வயசானவங்க யாராவது வந்தா சொல்லியனுப்பறேன். ரசீதைக் கொடு."

"கோவப்படாதீங்க. நல்லதுக்குத்தான சொல்றேன்."

"அதான் பயமா இருக்கு," என்றாள் ஹில்யா. பெர்னிஸ் சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று வீடு வரும்வரை ஹில்யா யோசித்துக்கொண்டே வந்தாள்.

அந்த வாரமே அது நடந்தது. காலை பஸ் முறையை முடித்துவிட்டு வந்தால், சாலையிலிருந்து வீட்டு முற்றம் வரைக்கும் பாதை பளிச்சென்று திறந்து கிடந்தது. ஓரமெல்லாம் கத்தியால் வெட்டின மாதிரி நேராக இருந்தது. பாதை சாலையைத் தொடுகிற இடத்தில், சரளைக்கல் தெரியும் அளவுக்கு அடியோடு சுரண்டியிருந்தார்கள். யார் பேரும் இல்லை, கூலி கேட்டு ஒரு சீட்டும் இல்லை.

வேறு ஒருத்தியாக இருந்தால் யாரோ புண்ணியவான் என்று ஏலக்காய் ரொட்டி சுட்டு வைத்துக் காத்திருப்பாள். ஹில்யா டயர்த் தடத்தைக் குனிந்து பார்த்தாள். பிக்அப் வண்டி. வீட்டு முற்றம் வரை வந்து திரும்பியிருக்கிறது. முற்றத்தில் நின்று பார்த்தால் மரங்களுக்கு நடுவே சவுனாவின் புகைபோக்கி தெரியும். போதாதா? பெர்னிஸ் சொன்ன 'ஏற்பாடு' என்னவென்று அவளுக்கு விளங்கிவிட்டது.

அவள் பெரிய பனித்தள்ளியை எடுத்தாள். இரண்டு ஓரத்திலும் குவிந்திருந்த பனியை அள்ளி மறுபடியும் பாதையிலேயே கொட்ட ஆரம்பித்தாள். அந்த வழியாக வண்டியில் போனவர்கள் வேகத்தைக் குறைத்து வாயைப் பிளந்து பார்த்தார்கள். பாதையிலிருந்து பனியை அள்ளுகிறவர்களைத்தான் நாங்கள் கண்டிருக்கிறோம். பாதைக்குள் அள்ளிப்போட்ட ஒரே பெண் இவள்தான். இடுப்பு ஒடிந்தது, வியர்வை உறைந்து சட்டை விறைத்தது. ஆனால் இருட்டுவதற்குள் பனிக்கோட்டை பழையபடி எழும்பிவிட்டது.

அடுத்த பனிக்குப் பிறகு அது மறுபடியும் காணாமல் போனது. அவளும் மறுபடியும் கொட்டினாள். அதற்கடுத்ததும் அதே கதை. அவள் பஸ்ஸோடு வெளியே போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் வருகிறான். தேவாலயத்தில் கார் நின்றால் வருவதில்லை, கார் இல்லை என்றால் வந்துவிடுகிறான். அவளுடைய போக்குவரத்தையே ஒருத்தன் வேவு பார்க்கிறான் என்று தெரிந்ததும் ஹில்யாவுக்குத் தூக்கம் போய்விட்டது.

பிப்ரவரியில் ஒரு நாள் விடுப்பு எடுத்தாள். காரை வேண்டுமென்றே மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு, சக ஓட்டுநர் ஒருத்தியின் வண்டியில் வந்து இறங்கினாள். விளக்குப் போடாமல், அடுப்பு மூட்டாமல், கோட்டைப் போட்டுக்கொண்டு திரைக்குப் பின்னால் நின்றாள்.

நன்றாக விடிந்த பிறகு ஒரு நீலப் பிக்அப் வந்தது. முன்னால் பனி தள்ளுகிற பலகை மாட்டியிருந்தது. இறங்கின ஆளைப் பார்த்ததும் அவளுக்கு ரத்தம் கொதித்தது. டுவேன் பெல்கோலா. டவுன்ஷிப்பின் பனி வண்டி ஓட்டுகிறவன். சம்பளம் வாங்குவதே அவர்களிடம்தான். சின்ன வயதில் அவளுடைய பஸ்ஸில் வந்தவன். நல்ல பையன் என்று நினைத்திருந்தாள், அந்த நினைப்புக்காக இப்போது தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவன் உடனே வண்டியால் தள்ளவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, சாலையோரத்தில் குவிந்த பனி வரப்பைக் கையாலேயே வெட்டி எடுத்தான். சாலைப் பனியைத் தள்ளிக்கொண்டு போகும் பெரிய வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் அப்படி ஒரு வரப்பை விட்டுவிட்டுத்தான் போகும். அதை நாங்கள் திட்டாத நாள் இல்லை. டுவேன் அதைச் சரளைவரை சுரண்டினான். பிறகுதான் வண்டியில் ஏறி வீடுவரை தள்ளிக்கொண்டு வந்தான்.

ஹில்யா பனித்தள்ளியோடு வெளியே பாய்ந்தாள்.

"டேய் டுவேன்! எறங்குடா கீழ!"

அவன் திடுக்கிட்டு வண்டியை அணைத்தான். "மிஸஸ் ரௌட்டியோ... நீங்க வீட்ல இல்லன்னு நெனச்சேன்."

"நெனப்படா, நெனப்ப. எங்க, அளக்கற டேப்பு எங்க? எடு பாப்போம்."

"என்ன டேப்பு?"

"ஹாரிங்டன் கொடுத்தனுப்பிச்சது. எவ்வளவு தர்றான் உனக்கு? நீ வழியத் தொறந்து விடணும், அவன் பின்னாடியே வந்து எழுதிக்கிட்டுப் போகணும். அதான ஏற்பாடு?"

"சத்தியமா நீங்க என்ன சொல்றீங்கன்னே புரியல."

"புரியாது. அப்ப எதுக்குடா திருட்டுத்தனமா வர்றே? எவனாவது காசு வாங்காம அடுத்தவன் வீட்டுப் பனிய அள்ளுவானா?"

டுவேன் தொப்பியைக் கழற்றினான். காது சிவந்திருந்தது.

"அன்னைக்கு அந்த வரப்பப் போட்டது நான்தான்," என்றான்.

"எந்த வரப்ப?"

"ரெய்னோ போன அன்னைக்கு. சனிக்கிழமை. மத்தியானம் நான்தான் இந்தச் சாலைப் பனியத் தள்ளிக்கிட்டுப் போனேன். உங்க வாசல்ல இவ்வளவு ஒசரம் விட்டுட்டுப் போயிட்டேன். ஆம்புலன்ஸ் அதுல ஏறமாட்டாம சக்கரம் சுத்திக்கிட்டு நின்னுச்சு. ஆளுங்க எறங்கி வெட்டினாங்க. நான் வண்டி ரேடியோவுல கேட்டுட்டே இருந்தேன். திரும்பி வர்றதுக்குள்ள..." அவன் தொப்பியைக் கையில் சுருட்டினான். "போன வருஷமும் நீங்க அள்ளுறதுக்கு முன்னாடி வரப்ப மட்டும் எடுத்துட்டுப் போவேன். இந்த வருஷம் நீங்க அள்ளவே இல்ல. உங்களுக்கு ஒண்ணுன்னா மறுபடியும் அதே மாதிரி ஆயிடுமோன்னு பயந்துட்டேன்."

ஹில்யா கையிலிருந்த பனித்தள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். அந்த நாளில் வாசலில் என்ன நடந்தது என்று அவள் பார்க்கவே இல்லை. பார்க்க வேண்டிய அவசியமும் அவளுக்கு இருக்கவில்லை. ஏன் இருக்கவில்லை என்பதை அவள் இதுவரை யாரிடமும் சொன்னதும் இல்லை.

"வா," என்றாள்.

மரங்களுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். டவுன்ஷிப் ஆள் ஒருத்தனைத் தானே கையைப் பிடிக்காத குறையாக அங்கே அழைத்துப் போகிறோம் என்பது அவளுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது. சவுனாவின் கதவைத் திறந்து அவனைப் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். புது மர வாசனை இன்னும் போகவில்லை.

"பழசுல என்னால உட்கார முடியல. அதான் இடிச்சேன். ஏன்னு கேளு. நான் போய்க் கதவத் தொறந்தப்ப அவர் கீழ்ப் பெஞ்சுல சாஞ்சு இருந்தாரு. மடியில வாளி. தொட்டுப் பாத்தேன். உசுரு அப்பவே போயிருச்சு டுவேன், ரொம்ப நேரம் ஆயிருச்சு. பஸ் ஓட்டறவளுக்கு முதலுதவி சொல்லிக் கொடுத்திருக்காங்க, எனக்குத் தெரியும். போன்ல மூச்சு இருக்கான்னு கேட்டாங்க. இல்லன்னு சொல்ல வாய் வரல. 'வாங்க'ன்னு மட்டும் சொன்னேன். நீ வாசல்ல மலையே போட்டிருந்தாலும் ஒண்ணும் மாறியிருக்காது."

டுவேன் தலையை ஆட்டினான். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"நீங்க நல்ல மனசுல சொல்றீங்க. நான் ஆறுதல் அடையணும்னு."

ஹில்யாவுக்குச் சுருக்கென்றது. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொன்னதை நம்பாமல் இருந்தவள் அவள். தான் ஒரு உண்மையைச் சொல்லி அதை ஒருத்தன் நம்பாமல் போவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பட்டுத் தெரிந்துகொண்டாள்.

"நானா? நல்ல மனசா?" என்று சீறினாள். "ஸ்கூல் போன காலம் பூரா என் பஸ்ல வந்தியே, யார்கிட்டயாவது நான் ஆறுதலா ஒரு வார்த்த பேசிக் கேட்டிருக்கியா?"

அவன் உண்மையாகவே யோசித்துப் பார்த்தான். "இல்ல."

"உன் நாய் செத்துப்போச்சுன்னு அழுதுக்கிட்டே ஏறினியே, என்ன சொன்னேன்?"

"மூக்கத் தொடச்சுக்கிட்டு உக்காரு, படிய ஈரமாக்காதேன்னீங்க."

"பத்து வயசுப் புள்ளைக்கே சொல்லாத பொய்ய, மீசை நரைச்ச உனக்கா சொல்லப்போறேன்?"

டுவேன் அவளை நிமிர்ந்து பார்த்தான். முதலில் ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியிலேயே உடைந்தது. முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு தோள் குலுங்க அழுதான். தான் வாயைத் திறக்காததால் ஒருத்தன் இரண்டு குளிர்காலமாகத் தன் புருஷனின் சாவைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவன் அழுது முடிக்கிறவரை உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் அவன் தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தான். சுவரை, அடுப்பை, ஜன்னலைப் பார்த்தான். "நான் வண்டி ஓட்டறவன் மட்டுந்தான், மிஸஸ் ரௌட்டியோ. கட்டடமெல்லாம் எனக்குக் கண்ணுல படாது," என்றான்.

"படட்டும்," என்றாள் ஹில்யா. "ஓரத்துல இன்னும் கொஞ்சம் அகலமாத் தள்ளிட்டுப் போ. வர்றவன் வரட்டும்."